முகப்புத் திண்ணை: ஊர் திரும்பும் வழியில் ஒரு சிநேகிதி வீடு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், மாதக்கணக்கில் தங்கித் திரும்புவது இப்போது செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அந்தப் பயணத்தின் கடைசியில் ஒரு சிநேகிதியையோ நண்பனையோ பார்த்துவிட்டு வருவது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதுவயல் வாசகி: ஆச்சி, மெல்போர்னில் மகன் வீட்டுக்கு ஜூன் மாதம் போய் மூன்று மாதம் இருக்கப் போகிறோம். பேரனுக்கு ஒரு வயது. திரும்பும்போது சிங்கப்பூரில் என் பள்ளித் தோழி வீட்டில் நான்கு நாள் தங்கலாம் என்கிறேன். கல்யாணமாகி அவள் அங்கே போய் முப்பது வருஷம் ஆகிறது. "மூன்று மாதம் அலைந்து களைத்துப்போய் இன்னொருவர் வீட்டில் போய் விழணுமா? போகும்போதே பார்த்துவிடலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி, தங்கச்சி. போகும்போது உங்கள் மனசு முழுக்கப் பேரன் மேல் இருக்கும். தோழி எதிரே உட்கார்ந்து பேசினாலும், மகனிடமிருந்து போன் வருகிறதா என்றுதான் காது பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பரபரப்போடு ஒரு வீட்டுக்குப் போய் என்ன பேச முடியும்?

திரும்பும்போது போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நீங்கள் போகிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். பிள்ளையும் தூங்கிவிட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. நம் வீட்டு உள்முற்றமான வளவில் பகலில் யாராவது ஒருவர் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார். ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து என்ன குழம்பு என்று கேட்டுவிட்டாவது போவார். அங்கே வாசலில் ஆள் நடமாட்டமே தெரியாது. ஊருக்குப் போன் போடலாம் என்று மணி பார்த்தால் அங்கே பத்து, இங்கே ஐந்தரை. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்படி மூன்று மாதம் இருந்துவிட்டுச் சிங்கப்பூரில் இறங்கினால், உங்கள் தோழி கைப்பிள்ளையோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆரம்பத்தில் எப்படி இருந்திருப்பாள் என்பது உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். அவள் ஊருக்கு வந்தபோதெல்லாம் நாம் என்ன கேட்டோம்? வீடு சொந்தமா, பையன் என்ன படிக்கிறான், ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நம் காசுக்கு எவ்வளவு. முதல் வருஷம் பகலெல்லாம் என்ன செய்தாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். முன்பே போயிருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்காது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். நீண்ட விடுமுறையின் கடைசியில் போகிறவர்கள் பல பேர் சிநேகிதிக்குத் தங்கள் களைப்பைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்: அழுக்குத் துணி, வீங்கின கால், தீர்ந்துபோன மாத்திரை, பூட்ட முடியாத பெட்டி. இதில் எதுவும் அவள் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. துணியை எல்லாம் மகன் வீட்டிலேயே துவைத்து மடித்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு வேண்டியதைத் தனியாக ஒரு சின்னப் பையில் வையுங்கள். பெரிய பெட்டிகளை அங்கே திறக்கவே கூடாது. நம் வீட்டு மேடைத் திண்ணையான பட்டாலை மாதிரி பெட்டியைப் பரப்பி உட்கார அங்கே இடம் கிடையாது. சாங்கி விமான நிலையத்தில் கட்டணம் கட்டிப் பெட்டியை விட்டுவைக்கவும் வசதி இருக்கிறது. இரண்டு பேருக்கு நான்கு பெட்டி என்றால் அதைச் செய்வதுதான் மரியாதை.

மாத்திரை விஷயத்தில் நிறையப் பேர் மகன் வீட்டில் இருக்கும் நாட்களை மட்டும் கணக்குப் பார்த்து எடுத்துப் போகிறார்கள். சிங்கப்பூர் நாட்களுக்கும், விமானம் தள்ளிப்போனால் ஆகும் நாட்களுக்கும் சேர்த்து எடுங்கள். மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, சில வகை வலி மாத்திரைகளுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடும் ஆஸ்திரேலியாவோடு நின்றுவிடாமல், திருச்சியில் இறங்கும் நாள் வரைக்கும் இருக்க வேண்டும்.

அப்புறம், டிக்கெட் போடுவதற்கு முன் தோழியிடம் கேளுங்கள். போட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். மெல்போர்னிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். பகலில் கிளம்பிச் சாயங்காலம் இறங்குகிற விமானமாகப் பார்த்தால் அவள் வேலை முடித்து வந்துவிடுவாள். நான்கு நாளில் சனி, ஞாயிறு இரண்டும் வரட்டும். முதல் நாள் எங்கேயும் போகாமல் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மெல்போர்ன் டிக்கெட்டும் திருச்சி டிக்கெட்டும் தனித்தனியாக இருந்தால் பெட்டி எடையும் தனித்தனியாக வரும். முதல் விமானத்தில் 30 கிலோ விட்டார்கள் என்று நம்பி வந்து, திருச்சி விமானத்தில் 20 கிலோதான் என்றால், கடைசி ராத்திரி முழுக்கப் பெட்டியைப் பிரித்துக் கட்டுவதிலேயே போய்விடும். உட்கார்ந்து பேச வேண்டிய ராத்திரி அது.

தேவகோட்டை வாசகர்: அமெரிக்காவில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது சிங்கப்பூரில் நண்பர் வீட்டில் மூன்று நாள். விமானம் மாறுவதற்கு விசா வேண்டாம் என்கிறார்களே?

விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறினால் வேண்டாம். நண்பர் வீட்டுக்குப் போவதென்றால் விசா வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டு விசா வைத்திருப்பவர்கள் 96 மணி நேரம் விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் போய்வர ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு, கடைசி முடிவும் குடிநுழைவு அதிகாரி கையில். வயதானவர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். முறையாக விசா எடுத்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகவோ, அங்கே இருக்கும் நண்பர் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி.

நீண்ட பயணத்தில் தேதிகள்தான் மாட்டிவிடும். கிளம்பும் முன்பே விசா எடுத்தால், அது நீங்கள் திரும்பி வரும் நாள் வரைக்கும் செல்லுமா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டும் சிங்கப்பூரில் இறங்கும் நாளில் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது பத்து மாதம் இருந்த பாஸ்போர்ட், ஐந்து மாதம் கழித்து அங்கே இறங்கும்போது போதாமல் போய்விடும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை.

கானாடுகாத்தான் வாசகி: சிட்னியில் மகளிடம் இருந்துவிட்டுச் சிங்கப்பூர்த் தோழியைப் பார்க்கப் போகிறேன். பலகாரம் கொண்டு போகாமல் எப்படி? மணகோலமும் சீப்புச்சீடையும் மூன்று மாதம் தாங்குமா?

தாங்காது. சிக்குவாடை அடித்துவிடும். அதோடு ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எது கொண்டு போனாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம் கடுமையானது. பால் சேர்த்த இனிப்பு, விதை, தானியம் என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். பலகாரத்துக்குப் பதில் அச்சைக் கொண்டு போங்கள். தேன்குழல் அச்சு, மணகோல வில்லை, சீப்புச்சீடைக்கு உள்ளது எல்லாம் ஒரு துணியில் சுற்றினால் ஒரு மூலையில் அடங்கிவிடும். பழைய மர அச்சு வேண்டாம், அதையும் சோதிப்பார்கள். பித்தளையோ எவர்சில்வரோ போதும். அரிசியும் உளுந்தும் தேங்காயும் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காச் சந்தையில் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து சீடையை விரலில் சுற்றி ஒட்டுங்கள். அவள் பிள்ளைகள் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். ஊரிலிருந்து டப்பாவில் வருகிற பலகாரத்தைச் சாப்பிட்டிருப்பார்கள், அது எப்படி அந்த வடிவத்துக்கு வருகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். கிளம்பும்போது அச்சை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கட்டிக்கொள்ள ஒரு கண்டாங்கிச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. அகலக் கரையும் பெரிய கட்டமுமாக, அரக்கிலோ மஞ்சளிலோ எடுங்கள், பருத்தியில். சிங்கப்பூர் வெயிலும் புழுக்கமும் நம் ஊர் மாதிரிதான், அவளுக்கு உதவும். ஓலைக் கொட்டான் கொண்டு போனால் ஆஸ்திரேலியாவில் அதையும் எழுதிக் காட்டுங்கள்.

அவள் பிறந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் போனில் கேட்டுவிடுங்கள். பங்காளிகள் பிரித்து, ஒரு பக்கம் பூட்டி, ஒரு பக்கம் இடிந்து கிடக்கிற வீடுகள் நம் ஊர்களில் எத்தனை இருக்கின்றன! அவள் முகப்புத் தூணையும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லையும் நினைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் போனைத் திறந்து எருக்கஞ்செடி முளைத்த சுவரைக் காட்டக் கூடாது. பார்க்கிறேன் என்று அவளாகச் சொன்னால் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

சிங்கப்பூர் வாசகி (சொந்த ஊர் கண்டனூர்): என் தோழி அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஒரு வாரம் என்னிடம் வருகிறேன் என்கிறாள். வரட்டும் என்று ஆசைதான். ஆனால் எனக்கு லீவு இல்லை. வீடு மூவறை வீடு, மாமியாரும் கூட இருக்கிறார். எப்படிச் சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். "வா, ஆனால் வியாழன் ராத்திரி வந்து திங்கள் காலை கிளம்புகிற மாதிரி வா" என்று நீங்களே நாள் குறித்துக் கொடுங்கள். மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. மூன்று அறை இருக்கிறதே என்று நினைப்பார்கள். அதையும் சொல்லிவிடுங்கள். கூடத்தில் படுக்க வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்து வருகிறவள் சந்தோஷமாகப் படுப்பாள்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவளுக்கு ராத்திரி பகல் மாறிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போங்கள், அவள் தூங்கட்டும். ஒரு சாவி கொடுங்கள். வீட்டு எண்ணும் தெருவும் எழுதின சீட்டு ஒன்று கைப்பையில் வையுங்கள். கீழே எந்தக் கடையில் காப்பி குடிக்கலாம் என்று காட்டிவிடுங்கள். சாயங்காலம் நீங்கள் வருவதற்குள் அவள் ரசம் வைத்திருந்தால் தடுக்காதீர்கள். "விருந்தாளி அடுப்படிக்குப் போகலாமா" என்று மாமியார் சொல்வார். போகட்டும். வேலை முடிந்து வருகிற உங்களுக்கு ஒரு நாளாவது யாராவது சோறு போட வேண்டாமா?

பள்ளத்தூர் வாசகர்: கோலாலம்பூர் நண்பர், தன் தங்கை மகளுக்கு ஐந்து பவுன் சங்கிலி கொடுத்துவிடுகிறேன் என்கிறார். என் மனைவி கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் கேட்க மாட்டார்களாம்.

வாங்காதீர்கள். நகைக்குத் தீர்வை இல்லாத சலுகை, ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். விடுமுறைக்குப் போய் வருகிறவர்களுக்குக் கிடையாது. கொண்டு வந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது, பார்த்திருப்பீர்கள். "உன் மேல் நம்பிக்கை இருக்கிறது, சட்டத்துக்குத்தான் பயப்படுகிறேன்" என்று நண்பரிடம் நேராகச் சொல்லுங்கள். உண்மையான நண்பர் வருத்தப்பட மாட்டார். உங்கள் வீட்டு ஆச்சி சொந்த நகை நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேள்வி வராது.

நாச்சியாபுரம் வாசகி: தோழியோடு சிங்கப்பூரில் எங்கெல்லாம் போகலாம்?

அவள் தினமும் போகிற இடத்துக்கு. அவள் மீன் வாங்கும் சந்தை, பிள்ளையை விட்ட பள்ளிக்கூடம், வேலைக்குப் போகிற ரயில். ஊருக்கு வந்ததும் அவள் போனில் "இப்போது சந்தையில் இருக்கிறேன்" என்று சொன்னால் அந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய பெரிய பூங்காவெல்லாம் அவள் வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் காட்டிச் சலித்திருப்பாள்.

இரண்டு இடம் மட்டும் நானே சொல்கிறேன். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். நம் நகரத்தார் 1859இல் எழுப்பியது. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் கோயில். ஃபோர்ட் கேனிங் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். இன்னொன்று, லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். அங்கே செட்டிநாட்டு வாசல்நிலை ஒன்று வைத்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் நுணுக்கமான மரச்சிற்பம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கழற்றி வந்த கதவும் நிலையும் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். சிங்கப்பூரில் அந்த நிலையைத் துடைத்து, விளக்குப் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

கல்லல் வாசகர்: துபாயில் அக்கா வீட்டில் விடுமுறை முடித்துவிட்டு, சிங்கப்பூர் வழியாக வரலாமா என்று யோசிக்கிறேன். என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான். வருகிறேன் என்றால் பேச்சை மாற்றுகிறான். போகலாமா?

போங்கள் தம்பி. அவன் பேச்சை மாற்றுவது உங்களைத் தங்க வைக்க இடம் இல்லை என்பதால்தான். தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் பல பேர். அங்கே வெளியாள் போய்த் தங்க முடியாது. அதனால் "வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்லாமல், "ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் இருப்பேன், நீ வா" என்று சொல்லுங்கள். நீங்கள் தனியாக ஒரு சின்ன அறை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியா முழுக்க நம் பிள்ளைகள்தான். பணம் அனுப்புகிறவன், முடி வெட்டுகிறவன், புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறவன். அவன் நண்பர்களோடு நீங்களும் உட்காருங்கள். சாப்பாட்டுக்கு அவன் காசு கொடுத்தால் தடுக்காதீர்கள். ஊரிலிருந்து வந்தவனுக்குத் தன் காசில் வாங்கிக் கொடுக்க அவனுக்கு ஆசை இருக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், வட்டிக்கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடங்களில், இருந்த நம் ஆட்கள் எப்படி இருந்தார்கள்? ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய். பகலில் பெட்டி முன் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. அந்தப் பாயில் படுத்தவர்கள் அனுப்பின பணம்தான் இங்கே பர்மாத் தேக்குத் தூணாக நிற்கிறது. என் ஐயாவும் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக, கடையில் எடுபிடி வேலை பழகும் பையனாக, போனவர்தான். ரஜுலா கப்பலில் ஊர் திரும்புகிறவர்கள் கிளம்பும் முன் தெரிந்தவர் கடையெல்லாம் ஏறிச் சேதி கேட்டுக்கொண்டு, இங்கே வந்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வார்களாம். ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். இங்கிருந்து கிளம்பும் முன்பே அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். என்ன கொடுத்து அனுப்ப ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். கறி வகை எதுவும் வேண்டாம், அனுமதி இல்லை. வாயில் போடும் புகையிலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சிங்கப்பூரில் தடை. துபாயில் இருக்கும் நாட்களுக்குக் கெடாத பொருளாக, பருப்புப்பொடி மாதிரி எதாவது இருக்கட்டும். திரும்பி வந்ததும் மறுபடி அந்த அம்மாவிடம் போங்கள். வீடியோவில் தினமும் பார்க்கிறார்தான். ஆனால் தன் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் கேட்க அவருக்கு நூறு கேள்வி இருக்கும். ஒரு சாயங்காலத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

கொத்தமங்கலம் வாசகர்: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நண்பரையும் பார்த்துவிட்டு வர முடியுமா?

முடியும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம். வருகை அட்டையை மட்டும் மூன்று நாள் முன்னதாக இணையத்தில் நிரப்புங்கள். காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் போன வெள்ளி ரதம் அங்கேதான் இருக்கிறது, தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதியில் புறப்படும். ஆனால் தைப்பூச வாரத்தில் நண்பர் வீட்டில் ஏற்கெனவே சொந்தபந்தம் நிறைந்திருக்கும். அவரோடு நிதானமாகப் பேசத்தான் போகிறீர்கள் என்றால் பூசம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.